அகலப்படுத்தலா, புறவழியா, மேம்பாலமா: நெடுஞ்சாலை முடிவுக்கு முன் போட வேண்டிய நிலக் கணக்கு

ஊரின் நடுவே போகும் நெடுஞ்சாலையில் நெரிசல் முற்றிவிட்டால் மேசைக்கு வரும் யோசனைகள் பெரும்பாலும் நான்கு. இருக்கும் சாலையை அகலப்படுத்தலாம். ஊரைச் சுற்றிப் புறவழிச்சாலை போடலாம். தூண் நட்டு மேலே ஒரு சாலை ஓட்டலாம். புதிதாக எதையும் கட்டாமல் இருப்பதை ஒழுங்குபடுத்தலாம். திட்ட அறிக்கைகள் இந்த நான்கையும் கட்டுமானச் செலவு, மிச்சமாகும் பயண நேரம் என்ற இரண்டு தராசில் நிறுத்துப் பார்க்கின்றன. சாலை திறந்து பத்து, இருபது ஆண்டுகளில் அதன் இருபுறமும் நிலம் என்னவாகும் என்ற கேள்வி பின்னிணைப்பில் இரண்டு பத்தியோடு முடிந்துவிடும். ஆனால் முதல் இரண்டு கணக்கையும் பின்னாளில் தலைகீழாக்குவது அந்த நிலம்தான்.

எத்தனை தடம் என்பதைவிட எத்தனை வாசல் என்பதுதான் நிலத்தை அதிகம் ஆட்டிவைக்கிறது. வண்டி சாலைக்குள் நுழையவும் வெளியேறவும் முடிகிற எந்த இடமும் ஒரு வாசல்: குறுக்குச் சாலை, மீடியன் (நடுத்தடுப்பு) திறப்பு, சர்வீஸ் சாலை இணைப்பு, பெட்ரோல் பங்க் வழி, ஒரு கடையின் முகப்பு. எட்டுத் தடச் சாலையே ஆனாலும் பத்து கிலோமீட்டருக்கு ஒருமுறைதான் இறங்க முடியும் என்றால், இடைப்பட்ட நிலத்தைப் பொறுத்தவரை அது ஒரு ரயில் பாதை மாதிரி. கண்ணெதிரே ஓடும், எட்டாது. இரண்டு தடச் சாலையே ஆனாலும் கேட்டவருக்கெல்லாம் வாசல் கொடுத்தால் சில ஆண்டுகளில் கடைத்தெரு ஆகிவிடும். நான்கு யோசனைகளையும் இந்தக் கண்ணோடு பார்ப்பது நல்லது.

நேரம் எப்படி நிலமாக மாறுகிறது

சாலை வேகமானதும் மக்கள் மிச்சமான நேரத்தை வீட்டில் உட்கார்ந்து கழிப்பதில்லை. ஒருவர் நாளொன்றுக்குப் பயணத்தில் செலவிடும் நேரம் சராசரியாக ஒரு மணியை ஒட்டியே நிற்கிறது என்பதை 1970களில் போக்குவரத்து ஆய்வாளர் யாகோவ் சகாவி பல நகரங்களின் தரவைக் கொண்டு காட்டினார். நேரம் மாறாமல் வேகம் மட்டும் கூடினால் தூரம் கூடும். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் அரை மணியில் 15 கிலோமீட்டர் போகலாம். வேகம் 45 ஆனால் 22.5 கிலோமீட்டர். தூரம் ஒன்றரை மடங்குதான், ஆனால் அந்த வட்டத்துக்குள் அடங்கும் பரப்பு இரண்டே கால் மடங்கு. நேற்று வரை எட்டாத அத்தனை நிலமும் இன்று மனைப்பிரிவுக்குத் தகுதியாகிறது. நாலாபுறமும் சாலை ஒரே மாதிரி வேகமாவதில்லை, ஆகவே உண்மையில் விரிவது வட்டமாக இல்லாமல் சாலையோரமாக நீளும் விரலாக இருக்கும்.

யார் முதலில் வருவார்கள் என்பதிலும் ஒரு ஒழுங்கு உண்டு. பெரிய மனையும் லாரி திரும்ப இடமும் மலிவு விலையும் தேடும் கிடங்குகள், வாசலுக்குச் சில கிலோமீட்டருக்குள் முதலில் வந்து உட்காரும். அடுத்து பெட்ரோல் பங்க், உணவகம், வாகன விற்பனைக் கூடம். மனைப்பிரிவுகள் அதற்கும் வெளியே, நிலம் மலிவாக இருக்கும் இடத்தில். ஊரின் மையம் இதற்குக் கொடுக்கும் விலை சிறிதல்ல. 1950க்கும் 1990க்கும் இடையில் அமெரிக்காவில் மையநகரின் ஊடே போன ஒவ்வொரு புதிய நெடுஞ்சாலையும் அந்த நகரின் மக்கள்தொகையைச் சுமார் 18 சதவீதம் குறைத்தது என்று பொருளியலாளர் நேதனியல் பௌம்-ஸ்னோ 2007இல் கணக்கிட்டார்.

விலகிப் போன வீடும் வேலையிடமும் மறுபடி அதே சாலையில் வண்டியாகத் திரும்பி வருகின்றன. பொருளியலாளர் ஆந்தனி டவுன்ஸ் 1962லேயே இதைச் சொல்லிவிட்டார்: உச்ச நேரத்தில் காலியான தடத்தைத் தேடி வேறு பாதையில் போனவர்கள், வேறு நேரத்தில் போனவர்கள், பேருந்தில் போனவர்கள் மூவருமே வருவார்கள். இது சில மாதங்களில் நடப்பது. நிலம் மாறி அதனால் பிறக்கும் புதிய பயணங்கள் பல ஆண்டு எடுக்கும், ஆனால் வந்தபின் போகாது. டுராண்டன், டர்னர் என்ற பொருளியலாளர்கள் இருவரும் 1983, 1993, 2003 ஆண்டுகளின் அமெரிக்கத் தரவை வைத்து 2011இல் வெளியிட்ட ஆய்வின் முடிவு, பெருநகரங்களில் நெடுஞ்சாலைத் தடங்களின் மொத்த நீளம் எந்த விகிதத்தில் கூடியதோ ஏறக்குறைய அதே விகிதத்தில் வாகன ஓட்டமும் கூடியது என்பதுதான்.

அறிக்கையைப் புரட்டும்போது

யோசனைகளை ஒப்பிடும் முன், கையில் இருக்கும் அறிக்கை ஒப்பிடத் தகுந்ததா என்று பார்க்க வேண்டும். இருபதாம் ஆண்டுக்கான இரண்டு அட்டவணைகளைக் கேளுங்கள்: சாலை போட்டால், போடாவிட்டால். மொத்தப் பயண எண்ணிக்கையும் நிலப் பயன்பாடும் இரண்டிலும் ஒன்றாகவே இருந்தால், சாலை போட்டாலும் போடாவிட்டாலும் ஊர் ஒரே மாதிரிதான் வளரும் என்று அறிக்கை வைத்துக்கொண்டிருக்கிறது. பல அறிக்கைகளில் இதுதான் நிலை. அங்கே காட்டப்படும் நேர மிச்சம் இரு பக்கமும் பெருத்துவிடும்: போட்டால் வரும் கூடுதல் வண்டிகள் கணக்கில் இல்லை, போடாவிட்டால் மக்கள் மாற்றிக்கொள்ளும் வழிகளும் கணக்கில் இல்லை.

இரண்டாவது பிழை சூத்திரத்துக்குள் ஒளிந்திருக்கும். தாமதத்தைக் கணக்கிடப் பரவலாகப் பயன்படும் 1964ஆம் ஆண்டுச் சூத்திரத்தில், ஓட்டத்தை (மணிக்கு வரும் வண்டிகளை) கொள்ளளவால் (மணிக்குச் சாலை கடத்தக்கூடிய வண்டிகளால்) வகுத்து அதன் நான்காம் படியை 0.15ஆல் பெருக்குகிறார்கள். ஓட்டம் கொள்ளளவுக்குச் சமமாக இருந்தால் பயண நேரம் 15 சதவீதம் கூடும். 1.2 மடங்கானால் 31 சதவீதம். 1.5 மடங்கானால் 76 சதவீதம். ஒரு தடத்தில் அதன் கொள்ளளவைவிட ஒன்றரை மடங்கு வண்டி உண்மையில் ஓட முடியாது என்பதை யோசித்தால், 'போடாவிட்டால்' என்ற பத்தியில் 1.5க்கு மேல் வரும் எண்கள் எவ்வளவு கற்பனை என்று தெரியும். ஆனால் நன்மைக் கணக்கின் பெரும்பகுதி அங்கிருந்துதான் வருகிறது.

இருக்கும் சாலையை அகலப்படுத்துவது

30 மீட்டர் அகலச் சாலையை 60 மீட்டராக்கினால் கிலோமீட்டருக்கு 3 ஹெக்டேர் கூடுதலாக வேண்டும். கேட்கச் சிறியதுதான். ஆனால் அந்த 3 ஹெக்டேரும் முகப்பு நிலம். ஊரிலேயே விலை உயர்ந்தது, கட்டடங்கள் நெருங்கி நிற்பது. பரப்பைவிட மிச்சத்தின் வடிவம் பெரிய தலைவலி. 12 மீட்டர் ஆழமுள்ள மனையில் 8 மீட்டர் போனால் மீதி 4 மீட்டரில் விதிப்படி எதையும் கட்ட முடியாது. ஆனாலும் கட்டுவார்கள். புதிய சாலையின் இருபுறமும் ஒற்றை அறை ஆழத்துக்கு ஷட்டர் கடைகள் வரிசையாக முளைப்பது இப்படித்தான். அவற்றுக்கு வண்டி நிறுத்த இடமிருக்காது, ஆகவே விரிவாக்கிய தடமே நிறுத்துமிடமாகும். இரு பக்கமும் சமமாக அரிவதைவிட ஒரு பக்கமாக மட்டும் எடுத்து, அந்தப் பக்கத்து மனைகளை முழுதாக வாங்கி, மிச்சத்தைச் சேர்த்துக் கட்டத்தக்க மனைகளாக மறுபடி பிரிப்பது நில அளவில் சுத்தமான வழி. 'எங்கள் பக்கம் மட்டும் ஏன்' என்ற நியாயமான கேள்விக்கு அஞ்சித்தான் பெரும்பாலும் இரு பக்கமும் அரிகிறார்கள்.

கொள்ளளவில் ஒரு ஏமாற்றம் காத்திருக்கிறது. குறுக்கீடே இல்லாத விரைவுச்சாலையில் ஒரு தடம் மணிக்கு 2,000 கார்களுக்கு மேல் கடத்தும். சிக்னல் உள்ள ஊர்ச்சாலையில் பச்சை விளக்கு பாதி நேரம்தான் எரியும் என்றால் அதே தடம் 900ஐ ஒட்டியே கடத்தும். சந்திப்பைத் தொடாமல் இடைப்பட்ட நீளத்தை மட்டும் ஆறு தடமாக்கினால், அடுத்த சிக்னலில் போய் நிற்கும் வரிசை நீளத்துக்குப் பதில் அகலமாக நிற்கும், அவ்வளவுதான்.

சாலை குறுக்கே நடப்பவருக்கு என்ன ஆகிறது என்பதையும் கூட்டிப் பாருங்கள். 3.5 மீட்டரில் ஆறு தடம் 21 மீட்டர், மீடியன் 5, இருபுறச் சர்வீஸ் சாலை 14, ஆக 40 மீட்டர். நொடிக்கு 1.2 மீட்டர் நடப்பவருக்கு 33 நொடி, 0.9 மீட்டரே நடக்க முடிகிற முதியவருக்கு 44 நொடி. இடையில் நின்று இளைப்பாற அகலமான மீடியன் இல்லாவிட்டால் அந்தச் சாலை ஊரை இரண்டு ஊராக்கிவிடும். எதிர்ப்புறக் கடைக்குப் போக வண்டியை எடுத்து, யூ-டர்ன் வரை போய்த் திரும்புவார்கள், அந்தப் பயணமும் சாலையின் கணக்கில் சேரும். சான் பிரான்சிஸ்கோவில் மூன்று தெருக்களை ஒப்பிட்டு நகர வடிவமைப்பாளர் டொனால்ட் ஆப்பிள்யார்டு 1972இல் வெளியிட்ட ஆய்வில், நாளுக்கு 2,000 வண்டி போகும் தெருவில் ஒருவருக்குச் சராசரியாக 3 நண்பர்கள், 16,000 வண்டி போகும் தெருவில் 0.9.

அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரத்துக் கேட்டி நெடுஞ்சாலை இந்த வழியின் உச்சம். 2008இல் பணி முடிந்தபோது சில இடங்களில் சர்வீஸ் தடங்களையும் சேர்த்து 26 தடம். 2011க்கும் 2014க்கும் இடையில் மாலை உச்ச நேரப் பயணம் 50 சதவீதத்துக்கு மேல் நீண்டது. அந்தப் பகுதியின் மக்கள்தொகை வளர்ந்துகொண்டிருந்தது என்று திட்டத்தை ஆதரிப்பவர்கள் சொல்வது உண்மைதான். ஆனால் வளர்ச்சி அந்தத் திசையில் போனதற்குச் சாலையும் ஒரு காரணம். அங்கே நெடுஞ்சாலையோடு சேர்ந்தே ஓடும் சர்வீஸ் சாலைதான் கவனிக்க வேண்டிய பகுதி: கிலோமீட்டர் கணக்கில் தொடர்ந்து வாசல். கடைகளும் அலுவலகங்களும் அந்த விளிம்பில் ஒட்டிக்கொண்டு நீண்டுகொண்டே போகும்.

புறவழிச்சாலை

இது பயன்படுமா என்பதைச் சொல்லும் எண் ஒன்றே ஒன்று: ஊரில் நிற்காமல் கடந்துபோகும் வண்டிகளின் பங்கு. அதை ஊகிக்கக் கூடாது, அளந்து எடுக்க வேண்டும். ஊரின் எல்லா நுழைவுகளிலும் ஒரே நாளில், வார நாளில், வாகன எண்களைப் பதிவு செய்து, ஊரைக் கடக்க ஆகும் நேரத்தோடு 15 நிமிடம் கூட்டி, அதற்குள் மறுமுனையில் தோன்றிய எண்களை மட்டும் எண்ணுவது வழக்கமான முறை. லாரிகளைத் தனியாக எண்ணுங்கள். ஊர் பெரிதாகப் பெரிதாக இந்தப் பங்கு சுருங்கும். நெரிசலைப் பார்த்து 'எல்லாம் வெளியூர் வண்டி' என்று சொல்லும் பெரிய ஊர்களில் முக்கால்வாசி உள்ளூர் வண்டியாகவே இருக்கலாம். பங்கு மூன்றில் ஒன்றுக்கு மேல் இருந்தால் புறவழிக்கு நல்ல வாதம் உண்டு. ஐந்தில் ஒன்றுக்குக் கீழே என்றால், லாரித் தொல்லைக்காக வேண்டுமானால் போடலாம், நெரிசலுக்காக வேண்டாம்.

நிலத்தைப் பொறுத்தவரை இதுதான் நான்கிலும் ஆபத்தானது, நான்கிலும் வாய்ப்பு மிக்கதும் இதுவே. 60 மீட்டர் அகலத்துக்குக் கிலோமீட்டருக்கு 6 ஹெக்டேர் நேரடியாகப் போகும். அதைவிட, பழைய ஊருக்கும் புதிய சாலைக்கும் நடுவே சிக்கும் நிலம் பெரிது. ஊர் விளிம்பிலிருந்து ஒரு கிலோமீட்டரில் சாலை போட்டால் அந்தப் பட்டை சில ஆண்டுகளில் நிரம்பும், சாலை ஊர்த்தெருவாகும், இரண்டாவது புறவழிக்கு மனு தயாராகும்.

வாசலை யார் கட்டுப்படுத்துகிறார்கள் என்பதில்தான் இங்கே எல்லாம் இருக்கிறது. சந்திப்பு மேம்பாலங்களுக்கு இடையே நகர்ப்புறத்தில் குறைந்தது 1.5 கிலோமீட்டர், ஊர்ப்புறத்தில் 3 கிலோமீட்டர் என்பது அமெரிக்க வடிவமைப்புக் கையேட்டின் பொதுவிதி. அதற்கு நடுவே தனிமனை எதற்கும் நேரடி வழி இல்லை என்பதை, நிலம் எடுக்கும்போதே அணுகும் உரிமையையும் சேர்த்து வாங்கி, பத்திரத்தில் எழுதிவிட வேண்டும். பிறகு விண்ணப்பம் வரும்போது மறுத்துக்கொள்ளலாம் என்று விட்டால் அது நடக்காது.

லண்டனைச் சுற்றி 188 கிலோமீட்டர் ஓடும் எம்25 சாலை 1986இல் முழுமையானது. அதன் வழியில் பெரும்பகுதி பசுமை வளையமாகக் காக்கப்பட்ட நிலம், ஆகவே சாலையோரம் முழுதும் கட்டடம் முளைக்கவில்லை. ஆனாலும் எதிர்பார்த்ததைவிட விரைவில் வண்டி நிரம்பி, பல பகுதிகளைப் பிறகு அகலப்படுத்த வேண்டியிருந்தது. நிலத்தைக் கட்டுப்படுத்தினால் விரிவு குறையும். தடத்தில் இடம் இருக்கும்வரை உள்ளூர்ப் பயணங்கள் ஏறுவதை அது தடுக்காது. அதற்கு வாசல் குறைவாக இருக்க வேண்டும், இல்லையென்றால் கட்டணம் வேண்டும்.

நிலம் சேர்ப்பதில் அகமதாபாத் வேறு வழி பிடித்தது. அங்குள்ள 76 கிலோமீட்டர் வட்டச்சாலைக்கு நகரமைப்புத் திட்ட முறையில் நிலம் சேர்த்தார்கள். பல உரிமையாளர்களின் நிலத்தை ஒன்றாக்கி, சாலைக்கும் பொதுப் பயனுக்கும் ஒரு பங்கு ஒதுக்கி, மீதியைச் சீரான மனைகளாக அவர்களிடமே திருப்பித் தருவது அந்த முறை. யாரும் முழுதாக இழப்பதில்லை. உள்சாலைகளும் முன்கூட்டியே வரையப்படுவதால் ஒவ்வொரு மனையும் நெடுஞ்சாலையில் வாசல் கேட்க வேண்டியதில்லை. அதற்கு ஆகும் நிர்வாகக் காலத்தைத் திட்ட அட்டவணையில் நேர்மையாகக் காட்ட வேண்டும்.

தண்ணீர் விஷயத்தை அலட்சியம் செய்தால் புறவழியின் முதல் மழையிலேயே தெரியும். சரிவுக்குக் குறுக்கே போகும் கரை ஒரு அணை. அதன் மேல் 60 மீட்டர் அகலம் முழுதும் தார் என்று வைத்தால் 50 மில்லிமீட்டர் மழைக்குக் கிலோமீட்டருக்கு 3,000 கன மீட்டர் நீர் வழியும். சிறுபாலங்களை இன்றைய ஓடைகளுக்கு மட்டும் அளவெடுத்தால், மேற்புறம் மனைப்பிரிவாகி மண் உறிஞ்சாமல் போகும்போது போதாது.

அடிக்கடி விடுபடுவது, பழைய சாலையைப் புறவழி திறக்கும் நாளிலேயே இறக்கிவிடுவது. தடத்தைக் குறைத்து நடைபாதையை அகலமாக்கி, லாரியைத் தடுத்தால்தான் கிடைத்த இடம் ஊருக்கு நிற்கும். ஆறு மாதம் தள்ளிப்போட்டால் உள்ளூர் வண்டிகள் அதை நிரப்பிவிடும். போகிற வழியில் நிற்பவர்களை நம்பிய உணவகமும் பங்க்கும் வியாபாரம் இழக்கும், தேடி வருபவர்களை நம்பிய கடைகளுக்குப் பெரிதாக அடியில்லை.

மேலே ஒரு சாலை

நில எடுப்புக் குறைவு என்பதால் வரைபடத்தில் அழகாகத் தெரியும். அடியில் 5.5 மீட்டர் இடைவெளி, அதன் மேல் உத்தரம், ஆக 8 மீட்டர் உயரத்திலிருந்து 5 சதவீதச் சரிவில் இறங்க 160 மீட்டர் வேண்டும், வளைவுகளோடு இன்னும் கூடும். அந்த நீளம் முழுதும் இருபுறக் கடைகளுக்கும் முகப்பு போச்சு, இறங்கும் முனையில் புதிய நெரிசல். இறங்குதளமே இல்லாமல் ஊரைத் தாண்டுவதாக இருந்தால் மட்டும் இது யோசிக்கத் தக்கது. அப்படியானால் புறவழியோடு ஒப்பிட வேண்டும். கீழே நிழலும் இரைச்சலும் சேர்ந்த தெருவில் மேல்மாடி வீடுகள் கிடங்காக மாறுவது பல ஊர்களில் கண்ட காட்சி. சான் பிரான்சிஸ்கோவில் 1989 நிலநடுக்கத்தில் சேதமான எம்பார்கடேரோ மேம்பாலச் சாலையை 1991இல் இடித்தார்கள். சியோலில் சங்கேச்சன் ஓடையின் மேல் நின்ற மேம்பாலச் சாலையை 2003இல் அகற்றத் தொடங்கி 2005இல் ஓடையைத் திறந்துவிட்டார்கள். இரண்டு இடத்திலும் பக்கத்து நிலத்தின் மதிப்பு ஏறியது. இடிக்கும் செலவைத் திட்ட அறிக்கை எதுவும் முதல் நாளில் சேர்ப்பதில்லை.

கட்டாமல் ஒழுங்குபடுத்துவது

இதைச் 'சும்மா இருப்பது' என்று அறிக்கைகளில் எழுதி ஒதுக்குவது வழக்கம். நியாயமில்லை. வாசலைக் குறைப்பதே ஒரு கொள்ளளவுத் திட்டம். 1.6 கிலோமீட்டருக்கு 10 வாசல் கூடினால் தடையற்ற வேகம் மணிக்குச் சுமார் 4 கிலோமீட்டர் குறையும். அதே நீளத்தில் வாசல் 10இலிருந்து 20 ஆனால் விபத்து விகிதம் ஏறக்குறைய 40 சதவீதம் கூடும் என்கிறது 1999இல் வெளியான அமெரிக்க அறிக்கை ஒன்று. பக்கத்துக் கடைகளுக்குப் பொது வழி, தேவையற்ற மீடியன் திறப்புகளை மூடுவது, பின்புறத் தெருவைத் திறந்துவிடுவது எல்லாம் சில மாத வேலை.

அடுத்த படி, ஒரு தடத்தைப் பேருந்துக்குக் கொடுப்பது. பிரேசிலின் குரிச்சிபா நகரம் 1974இல் பேருந்துத் தடம் தொடங்கியபோது அதையொட்டி மட்டும் உயரமான கட்டடங்களுக்கு அனுமதி தந்தது. ஊர் வெளியே சிதறாமல் சில அச்சுகளில் அடர்ந்தது. நிலவிதி இல்லாமல் தடத்தை மட்டும் நகலெடுத்த ஊர்களுக்கு அந்தப் பலன் வரவில்லை. நெரிசலான பகுதிக்குள் நுழையும் வண்டியிடம் பணம் வாங்கும் நெரிசல் கட்டணம் மூன்றாவது படி: சிங்கப்பூர் 1975, லண்டன் 2003, ஸ்டாக்ஹோம் 2006. ஸ்டாக்ஹோமில் கட்டண எல்லையைத் தாண்டும் வண்டிகள் சுமார் 20 சதவீதம் குறைந்தன. நல்ல பேருந்து இல்லாத ஊரில் இதைத் தொட வேண்டாம்.

இந்த வழியின் பலவீனம் கண்முன் இருக்கிறது. நீண்டதூர லாரிகள் ஊருக்குள்ளேயே ஓடும். தினமும் கண்காணிக்க ஆள் வேண்டும். ரிப்பன் வெட்ட எதுவும் இல்லை.

எதை எடுப்பது

கடந்துபோகும் பங்கு அதிகம், லாரி அதிகம், ஊர் சிறியது என்றால் புறவழி. ஆனால் அணுகும் உரிமையும் நிலப் பயன்பாட்டு வரைபடமும் சாலையோடு ஒரே அறிவிப்பில் வர வேண்டும். சாலைக் கோடு முதலில் கசிந்தால் மனைப்பிரிவுகள் முந்திக்கொள்ளும். உள்ளூர் வண்டி அதிகம், சந்திப்புதான் சிக்கல் என்றால் முதலில் நான்காவது வழி, அதன்பின் சந்திப்புகளை மட்டும் சீரமைப்பது. அகலப்படுத்துவதை, மனைகளை மறுபடி சேர்த்துப் பிரிக்க அதிகாரமும் பணமும் உள்ள இடத்தில் மட்டும் எடுக்கலாம்.

பணத்தின் ஒரு பகுதி நிலத்திலிருந்தே வர வழி உண்டு. பொதுப்பணியால் மதிப்பு உயரும் நிலத்திடம் பங்கு வசூலிக்கும் முறைக்குக் கொலம்பியா 1921லேயே சட்டம் போட்டது. சாலை அறிவிக்கும் முன் உள்ள விலையைப் பதிவு செய்து வைக்காவிட்டால் எவ்வளவு உயர்ந்தது என்று பிறகு காட்ட முடியாது.

கடைசியாகக் கேட்க வேண்டியது ஒரு பதவியைப் பற்றி. சாலை திறந்து ஏழாம் ஆண்டில், செல்வாக்குள்ள ஒருவர் மண்டபத்துக்கு நேரடி வழி கேட்டு வரும்போது 'முடியாது' என்று கையெழுத்துப் போட யாருக்கு அதிகாரம், அவரை அந்த இடத்திலிருந்து மாற்ற யாருக்கு அதிகாரம்? இரண்டாவது கேள்விக்குப் பதில் அந்த மண்டபக்காரரின் நண்பர் என்றால், புறவழிக்கு ஆகும் பணத்தில் பாதியைச் செலவிட்டு ஊருக்குள் பேருந்துத் தடமும் நடைபாதையும் போட்டுவிடுவது மேல்.